செவ்வாய்க்கு வழிவிட்டவர்!

திருப்பாலைவனம் சென்றிருந்தோம். பெயரைக் கேட்டதும் மணல்வெளியோ என்று மருள வேண்டாம். பாலை மரத்தால் வந்த பெயர் என்பர் ஊரார். பொன்னேரிக்கு அப்பால், பழவேற்காட்டுப் பக்கத்து ஊர். அங்கிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே, வடக்கே நீண்டு கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. விண்ணுக்கு ராக்கெட் விடும் இடம் அது.

கூட்டம் தொடங்க நேரமிருந்தது. தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்தோம். அருகே ஒரு பெரியவர். உப்புக் காற்று உழுத முகம், வலை இழுத்துக் காய்த்த கை. ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து வந்தவர். பேச்சு ராக்கெட் பக்கம் திரும்பிற்று.

"ராக்கெட்டு வுடற அன்னைக்கு எங்களுக்குக் கடல் கிடையாது தம்பி. செவ்வாய்க்கு ஒண்ணு வுட்டாங்களே, அன்னைக்கும் கரையிலதான் குந்தியிருந்தோம். அண்ணாந்து பாத்தோம், கை தட்டினோம். செவ்வாய்க்கு நாங்க வழிவுட்டோம். அந்தச் செவ்வாய் எம் பொண்ணுக்கு வழிவுட மாட்டேங்குதே!"

சுருக்கென்றது நமக்கு. விவரம் கேட்டோம். மகளுக்கு வயது 29. படித்த பெண், பாடுபடும் பெண். மூன்று இடம் வந்தது, மூன்றும் போயிற்று. பெண்ணிடம் குறையா? இல்லை. குடும்பத்தில் குற்றமா? இல்லை. ஜாதகத்தில் செவ்வாய் தோஷமாம்!

கடலுக்குப் போகாதே என்பது உயிர்க் காப்புக்கான கட்டுப்பாடு. அதைப் பெரியவர் குறை கூறவில்லை, நாமும் கூறவில்லை. ஆனால் ஒரு நாள் உலையை நிறுத்தி வைத்து அவர் வழியனுப்பினாரே ஒரு கலம், அது போய்க் கண்டதென்ன என்பதை அவருக்குச் சொன்னவர் யார்? ஒருவருமில்லை! ஆகவே நாம் சொன்னோம்.

2013 நவம்பர் 5. என்ன கிழமை தெரியுமா? செவ்வாய்க்கிழமை! நல்ல காரியத்துக்கு ஆகாது என்று நம் வீடுகளில் ஒதுக்கி வைக்கும் அதே கிழமை. பிற்பகல் 2 மணி 38 நிமிடத்துக்குப் பி.எஸ்.எல்.வி. ராக்கெட் கிளம்பிற்று. சுமந்து சென்றது மங்கள்யான் என்னும் கலம், எடை சுமார் 1,340 கிலோ. ஒரே மூச்சில் செவ்வாய்க்கு எறியும் வலு அந்த ராக்கெட்டுக்கு இல்லை. அதனால் என்ன? கவணில் கல் வைத்துச் சுழற்றுவானே தோட்டக் காவற்காரன், அதுபோலக் கலத்தைப் பூமியைச் சுற்றிச் சுற்றி வரவிட்டு, சுற்றுக்குச் சுற்று உயரம் ஏற்றி, டிசம்பர் 1-ஆம் நாள் செவ்வாயை நோக்கி வீசினர்.

ஏறத்தாழ 300 நாள் பயணம். 65 கோடி கிலோமீட்டருக்கும் மேலான தொலைவு. 2014 செப்டம்பர் 24 காலை, எஞ்சினை 24 நிமிடம் எரித்து வேகத்தைக் குறைத்தனர். செவ்வாய் தன் ஈர்ப்பால் கலத்தைப் பற்றிக்கொண்டது. முதல் முயற்சியிலேயே வெற்றி! ஆசியாவில் அதற்கு முன் எந்த நாடும் எட்டாத வெற்றி! செலவு 450 கோடி ரூபாய். ஆறு மாதம் உழைத்தால் போதும் என்று அனுப்பிய கலம், ஏழாண்டுக்கும் மேலாகச் சுற்றி, படமும் செய்தியும் அனுப்பி, 2022-இல் ஓய்ந்தது.

திட்ட இயக்குநர் யார்? நெல்லைச் சீமையில் பிறந்த சுப்பையா அருணன். இத்திட்டத்தில் முன்னின்ற இன்னொருவர் மயில்சாமி அண்ணாதுரை, கொங்குநாட்டுக் கோதவாடிச் சிற்றூரைச் சேர்ந்தவர், தமிழ்வழியில் பள்ளிப் படிப்பு படித்தவர். செவ்வாயை எட்டிப் பிடித்த கூட்டத்தில் நம் வீட்டுப் பிள்ளைகள்! நாமோ செவ்வாயைக் காட்டி நம் வீட்டுப் பெண்ணை மூலையில் உட்கார வைத்திருக்கிறோம்!

மேலே சுற்றிப் பார்த்தது நம் கலம். கீழே இறங்கி, ஊர்ந்து, கல்லைத் துளைத்துப் பார்த்த ஊர்திகளும் உண்டு. 1997-இல் அமெரிக்கா இறக்கிய சோஜர்னர் முதல் ஊர்தி. 2004-இல் இறங்கிய ஆப்பர்சூனிட்டி, 90 நாளைக்கென்று அனுப்பப்பட்டது. அதுவோ 45 கிலோமீட்டர் ஊர்ந்து, 2018-இல் வந்த புழுதிப் புயலில்தான் அடங்கிற்று. 2021-இல் சீனமும் சூரோங் என்ற ஊர்தியை இறக்கிற்று.

"ஆளில்லாம எப்படித் தம்பி ஓட்டறாங்க?" என்றார் பெரியவர். நல்ல கேள்வி! இங்கிருந்து அனுப்பும் ஆணை ரேடியோ அலையில் ஏறிச் செவ்வாயை அடைய 3 நிமிடம் முதல் 22 நிமிடம் ஆகும். 'பள்ளம், நில்!' என்றால், ஆணை போய்ச் சேருமுன் வண்டி பள்ளத்தில் கிடக்கும். ஆகவே அன்றைய வேலையை முன்கூட்டியே அனுப்பி விடுகின்றனர். வழியில் கல்லைக் கண்டால் கண்ணாகிய காமிராவால் பார்த்து விலகிப் போகவும் ஊர்திக்குக் கற்பித்திருக்கின்றனர். அது எடுத்த படத்தை மேலே சுற்றும் கலம் வாங்கிப் பூமிக்கு அனுப்புகிறது.

கண்டதென்ன? செவ்வாய் ஏன் சிவப்பு? கோபமா? குருதியா? துரு, ஐயா, துரு! உங்கள் நங்கூரத்தில் ஏறுகிறதே, அதே இரும்புத் துரு! அங்குள்ள காற்று மிக மெல்லியது, பெரும்பகுதி கரியமில வாயு. 2021 பிப்ரவரியில் பெர்சிவரன்ஸ் என்னும் ஊர்தி இறங்கிய ஜெஸிரோ பள்ளம் 45 கிலோமீட்டர் அகலம். 350 கோடி ஆண்டுக்கு முன் அங்கே ஓர் ஏரி இருந்தது. பழவேற்காட்டு ஏரிக்கு ஆரணியாறு வருவதுபோல், அந்த ஏரிக்கும் ஓர் ஆறு வந்தது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் மேடு இன்றும் இருக்கிறது. ஆற்று வாயில் மேடு தட்டினால் என்ன பொருள் என்று பெரியவருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

வண்டல் கண்டனர். துரு கண்டனர். புழுதி கண்டனர். தோஷத்தைக் கண்டவர் உண்டா?

கணக்கும் போட்டுப் பார்த்தோம். லக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் நின்றால் தோஷமாம். வீடுகள் மொத்தம் 12. அதில் 5 தோஷ வீடு! நூறு பிள்ளை பிறந்தால் ஏறத்தாழ 40 பிள்ளைக்குத் தோஷம். சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ணுவோரும் உண்டு. அப்படி எண்ணினால் தப்புகிறவர் சிலரே. இது கிரகத்தின் குற்றமா, கணக்கின் குற்றமா?

பெரியவர் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மூணாவதா வந்து போன எடம் யாரு தெரியுமா தம்பி? உங்க கட்சிக்காரருதான். கொடி ஏத்தற அன்னைக்கு அவருதான் முன்னால நிப்பாரு."

தோழர்களே! தலை குனிந்தோம். சொல்ல நம்மிடம் சொல்லில்லை.

மேடையில் பகுத்தறிவு, பெட்டியில் ஜாதகமா? தோளில் கொடி, மடியில் பஞ்சாங்கமா? மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ, உற்றார் நண்பர் முன்னிலையில் மணம் செய்து கொண்டால் அது செல்லும் என்று 1967-இல் நம் சட்டமன்றம் திருத்தச் சட்டம் நிறைவேற்றிற்று. சட்டம் இருக்கிறது, அதன் வழி நடக்க ஆள் வேண்டும். ஊராரைத் திருத்துமுன் உன் வீட்டு அலமாரியைத் திற!

அன்றைய கூட்டத்தில் வேறெதுவும் பேசவில்லை. பெரியவர் கதையைத்தான் பேசினோம், பெயர் சொல்லாமல். முன்வரிசையில் சிலர் நம் முகத்தைப் பார்க்கவில்லை. அவர்களுக்கும், இதைப் படிக்கும் உங்களுக்கும் நாம் கேட்பது ஒன்றே.

செவ்வாய்க்குப் போகும் கலத்துக்கு அந்தப் பெரியவர் ஒரு நாள் பிழைப்பை விட்டு வழிவிட்டார். அவர் மகளுக்கு நீங்கள் விட வேண்டியது ஒரு தாள்தான். வழிவிடுங்கள்!