தேயிலையில் வண்டு, கூரையில் அஸ்பெஸ்டஸ்: எல்லையில் நடக்கும் அரசியல்

ஒரு நாட்டின் துறைமுகத்தில் எந்தப் பொருளை உள்ளே விடுவது, எதைத் திருப்பி அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பவர் யார்? சுகாதார அதிகாரியா, வர்த்தக அமைச்சரா, அல்லது பொருளை விற்கும் நாடா? 2017 டிசம்பரில் இலங்கைக்கு ஏற்பட்ட அனுபவம் இந்தக் கேள்விக்குக் கசப்பான ஒரு பதிலைத் தந்தது.

அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 ஜனவரி 1 முதல் தடை செய்ய அரசாங்கம் முடிவு செய்திருந்தது. காரணம் தெளிவானது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் எனப்படும் கிறிசோடைல் உட்பட எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோயை உண்டாக்கும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அதன் நுண்ணிய இழைகள் சுவாசத்துடன் நுரையீரலுக்குள் சென்று அங்கேயே தங்கிவிடுகின்றன. நோய் வெளிப்பட 20 முதல் 40 ஆண்டுகள் வரை செல்லலாம். இன்று கூரைத் தகடு வெட்டும் இளைஞன் முதுமையில்தான் அதன் விலையைச் செலுத்துகிறான்.

எமது நாட்டுக்கு வரும் அஸ்பெஸ்டஸில் பெரும் பகுதி ரஷ்யாவிலிருந்து வந்தது. உலகில் அதனை அதிகமாகத் தோண்டி எடுக்கும் நாடும் அதுவே. தடை அமுலுக்கு வர இரண்டு வாரங்கள் இருக்கையில், இலங்கைத் தேயிலைப் பொதி ஒன்றில் காப்ரா வண்டு காணப்பட்டதாக ரஷ்யா அறிவித்தது. 2017 டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலைக்கும் ஏனைய விவசாயப் பொருட்களுக்கும் அங்கு கதவு மூடப்பட்டது.

காப்ரா வண்டு களஞ்சியத் தானியங்களை நாசமாக்கும் பூச்சி. அதனை எந்த நாடும் அஞ்சுவது நியாயமே. ஆனால் ஒரு பொதியில் பூச்சி இருந்தால் அப்பொதியைத் திருப்பி அனுப்பலாம், புகையூட்டிச் சுத்திகரிக்கச் சொல்லலாம். ஒரு நாட்டின் முழு ஏற்றுமதியையும் நிறுத்துவது அவ்வளவு சாதாரண நடவடிக்கையல்ல. சில நாட்களுக்குள் எமது அமைச்சரவை அஸ்பெஸ்டஸ் தடையை இடைநிறுத்தியது. டிசம்பர் 30 அளவில் தேயிலைத் தடையும் நீங்கியது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எந்தக் கடதாசியிலும் எழுதப்பட்டிருக்கத் தேவையில்லை. நாட்காட்டியே போதுமானது.

அரசாங்கம் ஏன் பணிந்தது?

குறை சொல்வது எளிது. அன்று ரஷ்யா எம்மிடம் ஆண்டுக்கு 3 கோடி கிலோவுக்கு மேல் தேயிலை வாங்கிக்கொண்டிருந்தது. நாட்டின் தேயிலையில் 70 சதவீதத்துக்கு மேல் உற்பத்தி செய்வோர் சிறு தோட்ட உரிமையாளர்கள். அவர்கள் சுமார் 4 இலட்சம் பேர். கொழும்புத் தேயிலை ஏலம் வாரந்தோறும் நடப்பது. பெரிய கொள்வனவாளர் ஒருவர் ஒதுங்கினால் விலைச் சரிவு அடுத்த வாரமே கொழுந்து பறிப்பவரின் வீட்டு அடுப்பில் தெரியும். அஸ்பெஸ்டஸ் நோயாளியோ முப்பது ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கிறார். அவருக்கு இன்று வாக்கும் இல்லை, சங்கமும் இல்லை. அரசியல் எப்போதும் அருகில் கேட்கும் குரலுக்கே செவிசாய்க்கிறது.

சட்டம் எம் பக்கமே இருந்தது என்பதையும் மறக்கலாகாது. பிரான்ஸ் 1997 இல் அஸ்பெஸ்டஸைத் தடை செய்தபோது, அன்று பெரும் ஏற்றுமதியாளராக இருந்த கனடா உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுத்தது. 2001 மார்ச்சில் மேன்முறையீட்டு அமைப்பு பிரான்சின் தடையை ஏற்றுக்கொண்டது. மக்களுக்கு எந்த அளவு பாதுகாப்பு வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அந்தந்த நாட்டுக்கு உண்டு என்பதே தீர்ப்பின் சாரம். ஆனால் பிரான்சின் பின்னால் ஐரோப்பிய ஒன்றியம் நின்றது. வழக்கு முடியும்வரை காத்திருக்க அதனால் முடிந்தது. எமக்கோ அடுத்த வார ஏலமே பெரும் பிரச்சினை.

அதே கனடாவின் கதை சுவையானது. கியூபெக் சுரங்கத் தொழிலாளரின் வாக்குகளுக்காகப் பல்லாண்டுகள் இப்பொருளுக்கு வக்காலத்து வாங்கிய அந்நாடு, சுரங்கங்கள் மூடப்பட்ட பின்னர் 2018 இறுதியில் தானே அதனைத் தடை செய்தது. விஞ்ஞானம் மாறவில்லை. மாறியது வாக்குக் கணக்கு மட்டுமே.

நாம் பெறும் பாடம் என்ன? சந்தைகளைப் பரவலாக்காத நாடு சுகாதாரக் கொள்கையையும் சுதந்திரமாக வகுக்க முடியாது. தடையை அறிவிக்கும் முன் மாற்றுக் கூரைப் பொருட்களை மலிவாகக் கிடைக்கச் செய்திருக்க வேண்டும். பாதிக்கப்படக்கூடிய ஏற்றுமதிக்கு மாற்றுச் சந்தையும் தேடியிருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத தடை முதல் நெருக்குதலிலேயே விழுந்துவிடும்.

எமது சமூகத்தில் ஹாட்வெயார் மற்றும் கட்டடப் பொருள் வியாபாரிகள் கணிசமானோர் உள்ளனர். அரசாங்கம் தயங்கும்போதும் அவர்களால் செய்யக்கூடியது உண்டு. மாற்றுத் தகடுகளையும் கடையில் வைத்து வாடிக்கையாளருக்கு உண்மையை எடுத்துச் சொல்லலாம். அஸ்பெஸ்டஸ் தகட்டை மின்வாளால் உலர்வாக வெட்டுவதையும் பழைய தகடுகளை உடைத்து வீசுவதையும் தவிர்க்குமாறு எச்சரிக்கலாம். நன்மையை ஈட்டுவதைவிடத் தீங்கைத் தடுப்பதே முற்படுத்தப்பட வேண்டும் என்பது எமது ஃபிக்ஹு கலையின் அறியப்பட்ட விதி. வல்லரசுக்கு முன் அமைச்சரவை அதனைக் கைவிட்டிருக்கலாம். கல்லாப்பெட்டிக்கு முன் நாமும் கைவிட வேண்டுமென்று கட்டாயமில்லை.