துப்பாக்கி வேண்டாம்... துடைப்பம் போதும்!

நீங்கள் காலேஜில் எதில் இருந்தீர்கள்? என்.சி.சி.யா, என்.எஸ்.எஸ்.ஸா?

என்.சி.சி. என்றால் பூட்ஸுக்கு பாலீஷ் போட்டு, லெஃப்ட்-ரைட் அடித்து, பரேடு முடிந்து கொடுக்கும் பூரிக் கிழங்குக்காக வெயிலில் நின்றிருப்பீர்கள். என்.எஸ்.எஸ். என்றால் ஏதோ ஒரு கிராமத்தில் கேம்ப். பள்ளிக்கூடச் சுவருக்குச் சுண்ணாம்பு, குளக்கரையில் முள்செடி வெட்டு, கடைசி நாள் கலை நிகழ்ச்சியில் ஒரு குத்தாட்டம். அப்புறம் ஒரு சர்டிஃபிகேட். பேரைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து மட்டும் வாங்கியவர்களும் உண்டு. (நீங்கள் இல்லை, பக்கத்து சீட்காரர்!)

பிலிப்பைன்ஸில் அந்தக் கதையே நடக்காது. ஆணோ பெண்ணோ, இன்ஜினீயரிங்கோ இலக்கியமோ, டிகிரி வேண்டுமானால் இரண்டு செமஸ்டர் நாட்டுக்கு உழைத்தாக வேண்டும். மூன்று வழி இருக்கிறது: ராணுவப் பயிற்சி எடுக்கலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். குடியிருப்புகளுக்குப் போய் சுகாதாரம், சுற்றுச்சூழல் என்று சமூகப் பணி செய்யலாம். எதை எடுப்பது என்பது மாணவர் இஷ்டம்.

'இஷ்டம்' என்ற அந்தச் சின்ன வார்த்தை சட்டத்துக்குள் வந்தது ஒரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகுதான்.

புளியந்தோப்பு யுனிவர்சிட்டி

மணிலாவில் இருக்கிறது சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழகம். டொமினிக்கன் சபைப் பாதிரியார்கள் 1611-ல் ஆரம்பித்தது. மதராஸில் கோட்டை கட்ட வெள்ளைக்காரன் இடம் வாங்குவதற்கு 28 வருடம் முந்தி! பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால் படித்த இடம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான்காரன் இதன் வளாகத்தையே சிறை முகாமாக்கி, அமெரிக்கர், ஆங்கிலேயர் என்று ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்திருந்தான்.

இருக்கும் பேட்டையின் பெயர் சாம்பலோக். அவர்கள் பாஷையில் புளி என்று அர்த்தம். நம் புளியந்தோப்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. நாலு தூறல் போட்டால் காலேஜ் வாசலில் இருக்கும் எஸ்பான்யா ரோடு குளமாகிவிடும். ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு பரீட்சைக்கு நடந்து போவது அங்கே படிக்கிற பசங்களுக்கு சகஜம்.

ஒரு கட்டுரை, ஓர் ஆறு

2001 வரைக்கும் பிலிப்பைன்ஸில் காலேஜ் பையன்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயம். சொகுசாக ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாலு செமஸ்டர். பெயர் ஆர்.ஓ.டி.சி. நம் என்.சி.சி.க்கு அண்ணன். கட்டாயம் என்று ஒன்று வந்துவிட்டால் அதிலிருந்து தப்பிக்க ஒரு ரேட்டும் வந்துவிடும் என்பது உலகப் பொதுமறை. அங்கேயும் வந்தது. பயிற்சியில் லஞ்சம், வசூல் என்று புகார்கள்.

சாண்டோ தோமாஸில் மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தான் மார்க் வெல்சன் சுவா. வயது 19. அவனும் ஆர்.ஓ.டி.சி.யில் இருந்தவன்தான். 'எல்லாரும் கொடுக்கறாங்க, நமக்கென்ன' என்று அவனால் இருக்க முடியவில்லை. நண்பன் ஒருவனோடு சேர்ந்து, நடக்கிற ஊழலை எல்லாம் பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான 'வார்சிட்டேரியனு'க்குச் சொன்னான். 2001 பிப்ரவரியில் விஷயம் அச்சில் வந்தது. பொறுப்பில் இருந்த ராணுவ அதிகாரி கூண்டோடு மாற்றப்பட்டார்.

சினிமாவாக இருந்தால் இங்கே சுபம் போட்டிருப்பார்கள்.

மார்ச் 15-ம் தேதி காலேஜுக்குப் போன மார்க் வீடு திரும்பவில்லை. 18-ம் தேதி மணிலா நகரின் நடுவே ஓடும் பாசிக் ஆற்றில் ஒரு கம்பளச் சுருள் மிதந்து வந்தது. பிரித்துப் பார்த்தார்கள். கை கால்கள் கட்டப்பட்டு, முகத்தைச் சுற்றி டேப் ஒட்டப்பட்டு, உள்ளே மார்க்.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் வெளியாட்கள் இல்லை. அதே ஆர்.ஓ.டி.சி.யில் அவனுக்கு மேல் பொறுப்பில் இருந்த மாணவ அதிகாரிகள். 2004-ல் அவர்களில் ஒருவனுக்கு மரண தண்டனை விதித்தது கோர்ட். (2006-ல் பிலிப்பைன்ஸ் மரண தண்டனையையே எடுத்துவிட்டது.)

செய்தி பரவியதும் நாடு முழுக்கக் காலேஜ்கள் கொதித்தன. 'ஆர்.ஓ.டி.சி.யை மூடு' என்று மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் மக்கள் தெருவில் இறங்கி அதிபர் எஸ்ட்ராடாவையே இறக்கியிருந்த நேரம் அது. அரசாங்கத்துக்கு வேறு வழி இருக்கவில்லை. 2002 ஜனவரியில் புது அதிபர் அரோயோ ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்: தேசிய சேவைப் பயிற்சித் திட்டம். துப்பாக்கி என்பது மூன்றில் ஒன்றாகிவிட்டது. பையன்களுக்கு மட்டும் என்றிருந்தது பெண்களுக்கும் ஆனது. நாலு செமஸ்டர் இரண்டாகச் சுருங்கியது.

இந்தச் சட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது கட்டணம் பற்றி வருகிற ஒரு வரி. இந்தப் பயிற்சிக்காகத் தனி வசூல் எதுவும் கூடாது; கல்லூரிக் கட்டணமும் வழக்கமாக ஒரு பாடத்துக்கு வாங்குவதில் பாதிக்கு மேல் போகக்கூடாது. மார்க் சுவாவின் கட்டுரைக்கு எழுதப்பட்ட பதில் மாதிரியே இல்லை?

பரங்கிக்காய் இல்லை, பரங்காய்!

சரி, சமூகப் பணியை எடுத்தவர்கள் என்னதான் செய்கிறார்கள்?

முதலில் வகுப்பு. போதைப் பொருள், பேரிடர், குடிமக்கள் கடமை என்று கொட்டாவி வரும் பாடங்கள். அடுத்தது வெளியே. பிலிப்பைன்ஸில் நிர்வாகத்தின் கடைசிப் படிக்குப் பெயர் பரங்காய். நம் வார்டு மாதிரி. ஏதாவது ஒரு பரங்காயோடு காலேஜ் தொடர்பு வைத்துக்கொண்டு, செமஸ்டருக்கு ஒரு பட்டாளத்தை அனுப்பும். குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுப்பது, குப்பையைப் பிரிப்பது, மரம் நடுவது, ரத்த அழுத்தம் பார்ப்பது என்று படிப்புக்கும் ஊருக்கும் தகுந்த மாதிரி வேலை நடக்கும். சாண்டோ தோமாஸில் இதற்கெல்லாம் 'சிம்பஹாயன்' என்று தனி ஆபீஸே உண்டு.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பரங்காயில் குடியிருக்கும் ஒரு பாட்டியம்மா பக்கம் நின்று கொஞ்சம் யோசியுங்கள். ஜூலையில் ஒரு கூட்டம் வந்து, 'வீட்ல எத்தனை பேரு பாட்டி?' என்று கேட்டு எழுதிக்கொண்டு போகிறது. ஜனவரியில் வேறு யூனிஃபாரத்தில் வேறு கூட்டம். அதே கேள்வி. பாட்டி வீட்டுக் கூரை மட்டும் போன மழைக்கு ஒழுகிய மாதிரியே ஒழுகிக்கொண்டிருக்கிறது. யார் யாருக்கு சேவை செய்கிறார்கள்? ஒரு கோணத்தில் பார்த்தால், மாணவன் பாஸாவதற்குப் பாட்டியல்லவா சேவை செய்துகொண்டிருக்கிறாள்!

இந்தக் கேள்வியை 1968-லேயே ஒருவர் போட்டு உடைத்தார். அவர் பெயர் இவான் இல்லிச். கத்தோலிக்கப் பாதிரியார். போர்ட்டோ ரிக்கோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் துணைத் தலைவராக இருந்தவர். மெக்சிகோ கிராமங்களுக்கு சேவை செய்யக் கிளம்பிக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர்கள் நடுவில் பேசக் கூப்பிட்டார்கள். அவர் என்ன நினைப்பவர் என்று தெரிந்தேதான் கூப்பிட்டார்கள். மனிதர் எழுந்து நின்று, தயவுசெய்து போகாதீர்கள் என்றார்! அந்த ஜனங்களின் மொழிகூடத் தெரியாமல் அவர்களுக்கு உதவப் போகிறோம் என்பது திமிர். ஊரைப் பார்க்க வாருங்கள், கற்றுக்கொள்ள வாருங்கள், உதவ மட்டும் வராதீர்கள் என்பது அவர் கட்சி. கைத்தட்டல் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அவர் சொன்னதில் பாதியைச் சில கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்கள் எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் பாஸ்டன் காலேஜ் (பெயரில்தான் காலேஜ், ஆள் யுனிவர்சிட்டி) கிட்டத்தட்ட அதே காலத்தில் 'பல்ஸ்' என்று ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. வீடில்லாதவர் விடுதி மாதிரி ஒரு இடத்தில் வாராவாரம் வேலை. அதோடு ஒட்டி வகுப்பில் தத்துவமும் சமயமும். காலையில் பிளேட்டோ நீதி என்றால் என்ன என்று கேட்பார், சாயங்காலம் சூப்புக்கு வரிசையில் நிற்பவர் அதே கேள்வியை வேறு பாஷையில் கேட்பார். மார்க் எத்தனை மணி நேரம் நின்றாய் என்பதற்கு இல்லை, அங்கே பார்த்ததிலிருந்து என்ன புரிந்தது என்பதற்கு. 'சேவை வழிக் கல்வி' என்று இப்போது பெரிதாகச் சொல்கிறார்களே, சரக்கு இவ்வளவுதான்.

ஆனால் வருடம் முழுக்க ஒரே இடம், ஒரே முகங்கள் என்றால்தான் இது நடக்கும். ஒரு நாட்டின் அத்தனை மாணவர்களையும் சட்டம் போட்டு அனுப்பும்போது நடப்பது கஷ்டம். பிலிப்பைன்ஸ் திட்டத்தின் பலவீனம் இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. கட்டாயம் என்ற பழைய வியாதி, யூனிஃபாரத்தை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது.

455 மில்லிமீட்டர்

அதற்காக எல்லாமே கண்துடைப்பு என்று சொல்லிவிட முடியாது. 2009 செப்டம்பர் 26. ஒந்தோய் என்ற புயல் மணிலாவில் 24 மணி நேரத்தில் 455 மில்லிமீட்டர் மழையைக் கொட்டியது. ஒரு மாத மழை ஒரே நாளில்! சாம்பலோக் முழுகியது. சாண்டோ தோமாஸுக்குள் மாணவர்கள் இரவு முழுக்க மாட்டிக்கொண்டார்கள். நகரின் இன்னொரு பக்கத்தில், ஏசு சபையின் அத்தெனியோ பல்கலைக்கழகத்தில், பசங்களும் பெண்களும் வரிசையாக நின்று அரிசி, மத்தி மீன் டின், நூடுல்ஸ் என்று மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அட்டெண்டன்ஸ் இல்லை. மார்க் இல்லை. யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை.

சட்டப்படி, சமூகப் பணியோ எழுத்தறிவுப் பணியோ முடித்தவர்கள் எல்லாரும் ஒரு தேசிய சேவைப் படையின் உறுப்பினர்கள். பேரிடர் வந்தால் அரசாங்கம் கூப்பிடலாம். வருடா வருடம் பெயர்கள் சேர்ந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண்கூட உண்டு.

கட்டாய ராணுவப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்ற குரல் மட்டும் அடங்கவில்லை. 2016-லிருந்து 2022 வரை அதிபராக இருந்த டுடெர்டே வெளிப்படையாகவே கேட்டார். நாடாளுமன்றத்தில் மசோதாக்கள் வருவதும் போவதுமாக இருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் எதிர்க்கிற மாணவர்கள் மார்க் சுவாவின் பெயரை மறுபடி எடுக்கிறார்கள். அந்தக் கட்டுரை வெளிவந்தபோது பிறந்தே இருக்காத மாணவர்கள்.