பூட்டைத் திறந்த புஸ்தகசாலை

செல்வந்தர் ஒருவர் அரிய பொருள்களைத் தேடித் தேடிச் சேர்க்கிறார் என்று கேட்டால், அவை யாருக்காக என்ற கேள்வி நம் மனத்தில் எழாமல் இராது. பூட்டிய பெட்டியில் கிடக்கும் ஏட்டின் கதி என்ன ஆகுமென்பதை, கறையானுக்குச் சுவடிகளைக் காணிக்கை கொடுத்த நம் நாட்டாருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்க தேசத்தின் மேற்குக் கோடியில், லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்த ஸான் மரினோவில், புஸ்தகசாலை, சித்திரசாலை, தாவரத் தோட்டம் மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்த ஹண்டிங்டன் ஸ்தாபனம் இருக்கிறது. அதன் சரித்திரம் முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்து வந்திருக்கிறது.

ஹென்றி ஹண்டிங்டன் (1850–1927) மின்சார ரயில் பாதைகளாலும் நில வியாபாரத்தாலும் கோடீசுவரரானவர். ரயில்வே முதலாளியான சிற்றப்பனாரின் சொத்திலும் பெரும்பங்கு இவருக்கு வந்தது. பின்னர் 1913-இல் அந்தச் சிற்றப்பனாரின் விதவையையே மணந்துகொண்டார். நம் வீட்டுப் பாட்டிமார் காதில் இச்செய்தி விழாமலிருப்பது நல்லது! புஸ்தகங்களை ஒவ்வொன்றாக அன்றி, நூல்நிலையம் நூல்நிலையமாக அவர் வாங்கினார். 1911-இல் கூட்டன்பர்க் அச்சிட்ட பைபிள் பிரதி ஒன்றுக்கு 50,000 டாலர் கொடுத்தார். அதுவரை எந்தப் புஸ்தகத்துக்கும் எவரும் அவ்வளவு விலை கொடுத்ததில்லை. கெயின்ஸ்பரோ தீட்டிய ‘நீல உடைச் சிறுவன்’ சித்திரம் அவர் கைக்குப் போகிறதென்று அறிந்து, 1922-இல் லண்டனில் 90,000 பேர் திரண்டு வந்து அதற்கு விடை கொடுத்தார்களாம். தம் நாட்டுப் பொருள் கடல் கடந்து போகிறதே என்று ஆங்கிலேயர் அங்கலாய்த்ததைப் படிக்கும்போது, லண்டன் பொருட்காட்சிசாலையிலுள்ள அமராவதிச் சிற்பங்கள் நம் நினைவுக்கு வருகின்றன.

இவ்வளவையும் அவர் 1919-இல் தர்ம சாஸனம் எழுதிப் பொது நன்மைக்கு விட்டுவிட்டார். 1928-இல் பொது ஜனங்களுக்கு வாயில் திறந்தது. ஆயினும் புஸ்தகசாலையின் வாசிப்பு மண்டபம் ஆராய்ச்சியாளர்களுக்கே உரியது. மற்றவர்கள் கண்ணாடிக்கு அப்பால் விரித்து வைத்த ஓரிரு பக்கங்களைக் கண்டு திரும்ப வேண்டியதுதான். கூட்டன்பர்க் பைபிளைக் கண்ணாடி வழியாகக் கண்டதனால் ஒருவருக்கு என்ன விளங்கிவிடும்? இந்தக் குறையை ஓரளவு தீர்ப்பவை அங்கே நடைபெறும் உபந்நியாசங்கள். பல மாதம் சுவடிகளோடு உட்கார்ந்திருந்த பண்டிதர், ஒரு மாலை வெளியே வந்து, தாம் கண்டதைக் கடைக்காரருக்கும் குடும்பப் பெண்களுக்கும் விளங்கும்படி சொல்லுகிறார். இவற்றில் பலவற்றுக்குக் கட்டணம் இல்லை.

தோட்டத்திலோ பாடம் தானாகவே நடக்கும். 1999-இல் சுமாத்ராவிலிருந்து வந்த இனமான ராட்சதப் பூ ஒன்று அங்கே மலர்ந்தது. பிண நாற்றம் வீசும் அந்தப் பூ மலர்ந்த நிலையில் இருப்பது ஓரிரு நாளே. அதற்காக ஜனங்கள் கூட்டங்கூட்டமாக வந்து வரிசையில் நின்றார்கள். அழுகிய மாமிசத்தைத் தேடும் வண்டுகளையும் ஈக்களையும் ஏமாற்றி அழைத்து மகரந்தச் சேர்க்கை செய்துகொள்ளவே இந்த நாற்றம். பூவின் நடுத்தண்டு சூடேறி அதை நாற்புறமும் பரப்புகிறது. நம் வீட்டுக் குழம்பில் வேகும் சேனைக்கிழங்கு இதன் நெருங்கிய பங்காளி; அதன் பூவும் நாறும். வகுப்பில் கரும்பலகையைக் காட்டி ஒரு மணி நேரம் மகரந்தத்தை விளக்கும் நம் போன்றோர், அந்த வரிசையில் நின்ற சிறுவர்களைக் கண்டு பொறாமைப்படத்தான் வேண்டும்.

ஆனால் இந்த ஸ்தாபனம் செய்த காரியங்களில் நாம் பெரிதாக மதிப்பது வேறொன்று. 1947 முதல் சாக்கடல் ஓரத்துக் குகைகளில், சுமார் இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள யூதர்களின் தோற்சுருள்கள் அகப்பட்டன. வெளியாகாத பகுதிகளை ஒரு சிறு பண்டிதர் குழு பல்லாண்டுகளாகத் தன் கைக்குள்ளேயே வைத்திருந்தது, பிறருக்குக் காட்டவில்லை. அவற்றின் போட்டோப் பிரதிகள் ஒரு தொகுதியாகப் பத்திரத்துக்காக ஹண்டிங்டனில் இருந்தன. 1991 செப்டம்பரில், புஸ்தகசாலைத் தலைவர் வில்லியம் மாஃபெட், ஆராய்ச்சி செய்ய விரும்பும் அறிஞர் எவரும் அவற்றைப் பார்க்கலாமென்று அறிவித்துவிட்டார். கண்டனங்கள் வந்தன, வழக்குத் தொடுப்போம் என்ற மிரட்டலும் வந்தது. அவர் அசையவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் எதிர்த்தவர்களே இறங்கி வந்தார்கள்.

பக்கத்து ஊரான பாஸடீனாவில் வீட்டு வேலை செய்து பிழைத்த நீக்ரோ மாதின் மகளாகப் பிறந்து, விஞ்ஞானக் கற்பனைக் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆக்டேவியா பட்லர், பொது நூல்நிலையங்களில் படித்தே வளர்ந்தவர். 2006-இல் அவர் காலமானபின் அவருடைய கையெழுத்துப் பிரதிகளும் குறிப்பேடுகளும் இங்கே வந்து சேர்ந்தன. சாஸருடைய கதைகளின் பழஞ்சுவடி இருக்கும் கட்டடத்தில் அவையும் இருக்கின்றன. அவற்றைப் படிக்க வரும் ஆராய்ச்சியாளர் பலர்.

அங்கே மாலை ஏழரை மணிக்குப் பிரசங்கம் தொடங்கினால் நமக்கு மறுநாள் காலை எட்டோ ஒன்பதோ ஆகியிருக்கும். ஆபீஸுக்கும் பள்ளிக்கும் புறப்படும் அவசரத்தில் யார் கேட்பது! ஆனால் பல பிரசங்கங்கள் பதிவாகி இணையத்தில் கிடைக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு தெரிந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் குடும்பத்தோடு கேட்கலாம். முதலில் செடி கொடிகளைப் பற்றிய பேச்சாகத் தேர்ந்தெடுத்தால், குழந்தைகள் நடுவில் எழுந்து ஓடமாட்டார்கள்.