ஒளியை அள்ளும் பாத்திரம்

தொலைநோக்கி என்றதும் நம்மில் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது, தூரத்தில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரு குழல். கடைவீதியில் விற்கும் விளையாட்டுத் தொலைநோக்கியின் பெட்டியிலும் 'நூறு மடங்கு பெரிதாகத் தெரியும்' என்றே அச்சிட்டிருப்பார்கள். நிலவையும் கோள்களையும் பொறுத்தவரை அது ஓரளவு சரிதான். ஆனால் விண்மீன்கள்? உலகின் மிகப் பெரிய தொலைநோக்கியிலும் ஏறக்குறைய எல்லா விண்மீன்களும் வெறும் புள்ளிகளாகவே தெரிகின்றன. அத்தனை தொலைவு! பெரிதாக்கியும் புள்ளிதான் என்றால், மலையுச்சிகளில் அறையளவு அகலமுள்ள ஆடிகளை எதற்காக நிறுவுகிறார்கள்?

மழை பெய்யும்போது முற்றத்தில் ஒரு தம்ளரையும் ஓர் அண்டாவையும் வைத்துப் பாருங்கள். இரண்டின் மேலும் பெய்வது ஒரே மழைதான். பத்து நிமிடம் கழித்துத் தம்ளரில் ஒரு மடக்குத் தண்ணீர் இருக்கும். அண்டாவில் குடத்தை நிரப்பும் அளவு இருக்கும். வாய் அகலமே காரணம். விண்மீன்களின் ஒளியும் இப்படி மழைபோல நம் மீது ஓயாமல் பெய்துகொண்டிருக்கிறது. அதைப் பிடிக்க நமக்கு இயற்கை அளித்த பாத்திரம் நம் கண்மணி. நல்ல இருட்டில் அது விரிந்தாலும் அகலம் ஏறத்தாழ 7 மில்லிமீட்டரே. 70 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு சிறு லென்சை எடுத்துக்கொண்டால், அகலம் பத்து மடங்கு, பரப்பு நூறு மடங்கு. கண்ணுக்குள் நூறு மடங்கு ஒளி சேர்கிறது. அதுவரை இருளாகத் தெரிந்த இடத்தில் புதிய விண்மீன்கள் தோன்றுகின்றன. தொலைநோக்கியின் முதல் வேலை ஒளியை அள்ளுவதே. பெரிதாக்குவது பிறகுதான்.

அள்ளிய ஒளியை ஓரிடத்தில் குவிக்க வேண்டும் அல்லவா? குவிலென்ஸ் அதைச் செய்யும். குழலின் முன்முனையில் இருக்கும் பெரிய லென்ஸ் தொலைவிலுள்ள பொருளின் சிறு பிம்பத்தைக் குழலுக்குள் உண்டாக்குகிறது. கண்ணருகே உள்ள சிறு லென்ஸ் அந்தப் பிம்பத்தைப் பெரிதாக்குகிறது. முன்லென்சின் குவியத்தொலைவு 1000 மில்லிமீட்டராகவும் கண்ணருகு லென்சினுடையது 25 மில்லிமீட்டராகவும் இருந்தால் உருப்பெருக்கம் நாற்பது மடங்கு. கண்ணருகு லென்சை மாற்றி இதை எவ்வளவு வேண்டுமானாலும் கூட்டலாம், செலவும் குறைவு. ஆனால் அள்ளிய ஒளி அதே அளவுதான். ஒரு கரண்டி மாவை எவ்வளவு பெரிய தோசையாக இழுத்தாலும் மாவு கூடாது. தோசைதான் மெலிந்து கிழியும். அளவுக்கு மீறிப் பெரிதாக்கிய பிம்பமும் அப்படியே மங்கிக் கலங்கிவிடும். எனவே விளையாட்டுத் தொலைநோக்கிப் பெட்டியின் மேல் உள்ள எண்ணை நாம் நம்ப வேண்டியதில்லை. கேட்க வேண்டியது முன்லென்சின் அகலத்தையே.

தொலைநோக்கிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நெருங்கிக் கிடப்பவற்றைப் பிரித்துக் காட்டுவது அது. வாய் அகன்ற கருவி இதையும் நன்றாகச் செய்யும். ஹாலந்து நாட்டில் 1608ஆம் ஆண்டு கண்ணாடி வணிகர் ஹான்ஸ் லிப்பர்ஷே இக்கருவிக்கு உரிமம் கேட்டார். மறு ஆண்டு இத்தாலியில் கலிலியோ தாமே ஒன்றைச் செய்து வானை நோக்கித் திருப்பினார். 1610 ஜனவரியில் வியாழனின் அருகே நான்கு துணைக்கோள்களைக் கண்டார். அடுத்த எண்பது ஆண்டுகளுக்குள் தொலைநோக்கி நம் தமிழ்க் கரைக்கும் வந்துவிட்டது. புதுச்சேரியில் தங்கியிருந்த இயேசு சபைக் குருவான ழான் ரிஷோ 1689 டிசம்பரில் ஒரு வால்மீனை ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது தென்வானின் ஒளிமிக்க விண்மீனான ஆல்பா சென்டாரி அவருடைய கருவியில் ஒன்றாக அல்ல, இரண்டாகத் தெரிந்தது. வெறும் கண்ணுக்கு அது ஒரே புள்ளி. மே மாத இரவுகளில் தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே அதை நாமும் காணலாம். அது ஒன்றையொன்று சுற்றும் இரு சூரியன்கள் என்பதற்கான முதல் தடயம் நமக்கு இவ்வளவு அருகில், கடற்கரை ஊர் ஒன்றில் கிடைத்தது என்பதை எண்ணும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

லென்சை மேலும் மேலும் பெரிதாக்க முடியுமா என்றால், முடியாது. ஒளி அதன் ஊடே செல்ல வேண்டியிருப்பதால் லென்சை விளிம்பில் மட்டுமே தாங்கலாம். எடை கூடினால் நடுவில் தொய்ந்துவிடும். போதாக்குறைக்கு வெவ்வேறு நிறங்களை அது வெவ்வேறு இடங்களில் குவிக்கும். அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 1897ஆம் ஆண்டு அமைத்த 40 அங்குல லென்சைவிடப் பெரிய லென்ஸ் வைத்து எந்த வானாய்வகமும் ஆராய்ச்சி நடத்தியதில்லை. குழி ஆடிக்கு இத்தொல்லை இல்லை. ஒளி அதன் மேற்பரப்பில் பட்டுத் திரும்புவதால் பின்புறம் முழுவதையும் தாங்கிப் பிடிக்கலாம். நியூட்டன் 1668ஆம் ஆண்டில் செய்த சிறு கருவி இவ்வகையே. இன்றைய பெருந்தொலைநோக்கிகள் யாவும் அதன் வழி வந்தவை.

ஆடி என்றதும் கரோலின் ஹெர்ஷலை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஜெர்மனியில் பிறந்த இவர் தம் அண்ணன் வில்லியத்துடன் வாழ 1772ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பாத் நகருக்கு வந்தார். அண்ணன் இசை ஆசிரியர், தங்கை பாடகி. அண்ணனுக்கு வானியல் பித்துப் பிடித்ததும் வீடே பட்டறை ஆயிற்று. செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்த தட்டை மணிக்கணக்காகக் கையால் தேய்த்து ஆடியாக்க வேண்டும். நடுவில் கையை எடுத்தால் வடிவம் கெடும். அவர் தேய்த்துக்கொண்டே இருக்க, தங்கை பக்கத்தில் நின்று உணவை அவர் வாயில் ஊட்டுவாராம். அப்படிச் செய்த ஓர் ஆடியைக் கொண்டுதான் 1781 மார்ச் 13 அன்று வில்லியம் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தார். கரோலின் ஊட்டிவிட்டதோடு நின்றுவிடவில்லை. இரவில் குறிப்பெடுத்தார், பகலில் கணக்கிட்டார், தமக்கென்று ஒரு சிறு தொலைநோக்கி வைத்து 1786 முதல் 1797 வரை எட்டு வால்மீன்களைக் கண்டார். 1787இல் இங்கிலாந்து மன்னர் அவருக்கு ஆண்டுக்கு 50 பவுன் ஊதியம் அளித்தார். ஒரு பெண் வானியல் பணிக்குச் சம்பளம் பெறுவது அக்காலத்தில் கேள்விப்படாத செய்தி.

இனி அந்த யுரேனசைத் தொடர்ந்தே நம் மாநிலத்துக்கு வருவோம். திருப்பத்தூர் மாவட்டத்தில் சவ்வாது மலையில் காவலூர் என்றோர் ஊர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 725 மீட்டர். நகர விளக்குகள் எட்டாத இருட்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் வடவானோடு தென்வானின் பெரும்பகுதியும் தெரியும். இதைக் கண்டு வானியலறிஞர் வைணு பாப்பு இங்கே வானாய்வகம் அமைத்தார். 1968இல் 38 சென்டிமீட்டர் கருவி, 1972இல் ஒரு மீட்டர் கருவி. ஒரு மீட்டர் ஆடி நம் கண்மணியைப்போல் இருபதாயிரம் மடங்கு ஒளியை அள்ளும்.

1977 மார்ச் 10ஆம் நாள் இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை நெருங்கிக் கடக்க இருந்தது. காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் ஒரு மீட்டர் கருவியை அந்த விண்மீன் மேல் நிறுத்தினர். அவர்கள் படம் பிடிக்கவில்லை. ஆடி குவித்த ஒளியை மின்னோட்டமாக மாற்றி, அது கூடுகிறதா குறைகிறதா என்று நொடிக்கு நொடி பதிவு செய்தனர். கோள் விண்மீனைத் தொடாத நேரத்தில் திடீரென்று ஒளி சில விநாடிகள் மங்கி மீண்டது. நடுவே ஏதோ குறுக்கிட்டிருக்கிறது! அறியப்படாத துணைக்கோளாக இருக்கலாம் என்று முதலில் எண்ணினர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் மேல் விமானத்தில் தொலைநோக்கியுடன் பறந்த ஜேம்ஸ் எலியட் குழுவினர், கோளின் இருபுறமும் ஒளி ஒரே ஒழுங்கில் பலமுறை மங்கியதைக் கண்டனர். துணைக்கோள் என்றால் அப்படி நேராது. யுரேனசைச் சுற்றி வளையங்கள் இருக்கின்றன என்பது இவ்வாறு வெளிப்பட்டது. பெரும்பாலான வளையங்களின் அகலம் சில கிலோமீட்டரே. அவை இருப்பதோ 260 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். எந்த உருப்பெருக்கமும் அன்று அவற்றைக் காட்டியிருக்காது. அள்ளிய ஒளியைக் கவனமாக அளந்ததே காட்டியது.

பாப்பு அதைவிடப் பெரிய கனவு ஒன்றும் வைத்திருந்தார். 2.3 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது அது. பெங்களூரில் ஆண்டுக்கணக்காக அந்த ஆடியைத் தேய்த்தார்கள். வளைவில் பிழை ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கிய ஒரு கூறளவுக்குள் இருக்க வேண்டும். பிறகு அலுமினியத்தை ஆவியாக்கி அதன் மேல் மெல்லிய பூச்சாகப் படியவிட வேண்டும். கருவி முடியுமுன் 1982இல் பாப்பு காலமானார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அத்தொலைநோக்கிக்கு அவர் பெயரைச் சூட்டினார். கண்மணியைப்போல் ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் ஒளி அள்ளும் பாத்திரம் அது. (அதே மாதம் 24ஆம் நாள் வாயேஜர் 2 விண்கலம் யுரேனசை நெருங்கி வளையங்களைப் படம் எடுத்தது. இன்றைய கணக்கில் அவை பதின்மூன்று.)

இத்தனை ஒளியை வைத்து என்ன செய்கிறார்கள்? முதலாவது, சேர்த்து வைக்கிறார்கள். நம் கண் ஒளியைச் சேமிக்காது. ஒரு மணி நேரம் உற்றுப் பார்த்தாலும் மங்கலானது மங்கலாகவே இருக்கும். படத்தகடும் இன்றைய மின்னணு உணர்கருவியும் மணிக்கணக்காக ஒளியைச் சேர்க்கும். இதற்காகக் கருவி விண்மீனைப் பின்தொடர்ந்து திரும்ப வேண்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறதே! கருவியின் அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாகச் சாய்த்துவிட்டால் அந்த ஓர் அச்சில் மெல்லத் திருப்பினால் போதும். இரண்டாவது, ஒளியை நிறமாலையாகப் பிரிக்கிறார்கள். அதில் தோன்றும் கருங்கோடுகள் விண்மீனில் உள்ள தனிமங்களைச் சொல்லிவிடும். உரோமையில் வாழ்ந்த இயேசு சபைக் குரு ஆஞ்சலோ செக்கி சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே ஏறத்தாழ 4,000 விண்மீன்களின் நிறமாலைகளைப் பார்த்து வகைப்படுத்தினார். அதற்குப் பெரிதாக்கிய பிம்பம் வேண்டாம். போதிய ஒளி வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத அலைகளையும் அள்ளலாம். உதகமண்டலத்துக்கு அருகே முத்தொரையில் கோவிந்த் ஸ்வரூப் 1970இல் முடித்த வானொலித் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையது. ஆடிக்குப் பதில் உலோகக் கம்பிகள்! அதற்கென்று ஒரு தனி மலைச்சரிவைத் தேடிப் பிடித்தார்கள். அவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. மலைச்சரிவும் 11 பாகை. அதனால் தரையே அச்சைப் பூமியின் அச்சுக்கு இணையாக்கிவிட்டது. இவ்வளவு சிக்கனமான உத்தியை வேறெங்கும் நாம் படித்ததில்லை.

காற்று மட்டும் எல்லோருக்கும் எதிரி. விண்மீன் கண்சிமிட்டுவது நமக்கு அழகு. வானியலாருக்கோ பிம்பத்தைக் குலைக்கும் தொல்லை. ஆகவே உயரத்துக்குப் போகிறார்கள். லடாக்கின் ஹான்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் கருவியைப் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையில் அமர்ந்து செயற்கைக்கோள் வழியே இயக்குகிறார்கள். 1990இல் ஹபிள் தொலைநோக்கியை விண்வெளிக்கே அனுப்பினர். அதன் ஆடியின் விளிம்பு ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு தட்டையாகிவிட்டதால் படங்கள் மங்கின. 1993 டிசம்பரில் வீரர்கள் சென்று திருத்தினர். 2021 கிறிஸ்து பிறப்பு விழா அன்று ஏவிய ஜேம்ஸ் வெப் கருவியின் ஆடி 6.5 மீட்டர், பதினெட்டு அறுகோணத் துண்டுகள். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று அகச்சிவப்பு ஒளியை அள்ளுகிறது.

தோழியரே, இவ்வளவு பெரிய ஆடி நமக்குக் கிடைக்காது; ஆனால் பறவை பார்க்கும் இருகண் தொலைநோக்கி எவர் வீட்டிலாவது இருக்கும். சூரியன் இருக்கும் திசையில் மட்டும் அதைத் திருப்பவே கூடாது. ஒரு நொடியில் பார்வை போய்விடும். இரவில் வியாழன் தெரியும் காலத்தில், கை நடுங்காதபடி மதில்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு பாருங்கள். கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் சிறு ஒளிப்புள்ளிகள் தெரியும். நாள்தோறும் ஒரே நேரத்தில், எந்தப் பக்கம் எத்தனை என்று நோட்டில் குறித்து வாருங்கள். அவற்றுள் உள்ளே இருக்கும் அயோ நாற்பத்திரண்டரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடுவதால், முதல் நாள் வரைந்த படமும் மறுநாள் படமும் ஒத்திருக்க மாட்டா.