வெண்கலக் குதிரை நிற்கும் வாசல்

ஆடுகளங்களைத் தேடி - 14

மிலான் நகரத்தில் சான் சீரோ என்று சொன்னால் டாக்ஸிக்காரர் நேராகக் கால்பந்து ஸ்டேடியத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். ஆனால் அந்தப் பெயருக்கு மூத்த சொந்தக்காரர் வேறொருவர். ஸ்டேடியம் வந்தது 1926இல். அதை ஒட்டியிருக்கும் குதிரைப் பந்தய மைதானம் 1920லேயே திறந்தாகிவிட்டது. அதற்கும் முன்னால், 1888 முதலே இந்தப் பகுதியில் ரேஸ் குதிரைகள் ஓடிக்கொண்டிருந்தன. மெட்ரோவின் ஐந்தாவது பாதையில் ஸ்டேடியத்துக்கு ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிக்கொள்ளுங்கள். 'சான் சீரோ இப்போத்ரோமோ' என்று பலகை இருக்கும்.

உள்ளே நுழைந்ததும் எதிரே நிற்கிறது லியோனார்டோவின் குதிரை. ஏழு மீட்டருக்கும் மேல் உயரம். நான் நிமிர்ந்தால் அதன் முழங்காலைத்தான் முதலில் பார்க்க முடிந்தது. பளிங்கும் கருங்கல்லுமான மேடையில், முன்னங்கால் ஒன்றைத் தூக்கி நடக்கும் நிலை. கழுத்து வளைந்து முகம் மார்பை நோக்கி இறங்கியிருக்க, மூக்குத்துளைகள் விரிந்திருக்கின்றன. பின்தொடையில் தசை திரண்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், அடுத்த அடி வைக்கப்போகும் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. சிலையைச் சுற்றி வருவதற்கே கொஞ்ச நேரம் ஒதுக்க வேண்டும். பின்னாலிருந்து பார்த்தால்தான் அதன் கனம் புரிகிறது.

இந்தக் குதிரை இங்கே வந்து சேர 500 ஆண்டுகள் ஆயின. 1482 வாக்கில் ஃபுளோரன்ஸிலிருந்து மிலானுக்கு வந்த லியோனார்டோ டா வின்சியிடம், ஆட்சியிலிருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸா தன் தந்தை பிரான்செஸ்கோவின் நினைவாக ஒரு வெண்கலக் குதிரைச் சிலை கேட்டார். லியோனார்டோ அரண்மனைப் பிரபுக்களின் லாயங்களுக்குப் போய்க் குதிரைகளை அளந்தார். கலியாத்ஸோ சான்செவெரீனோ என்ற தளபதியிடம் இருந்த சிசிலியக் குதிரையின் அளவுகளைக் குறித்து அவர் வரைந்த ஓவியம் இன்றும் இங்கிலாந்து அரச சேகரிப்பில் இருக்கிறது. காலின் ஒவ்வொரு பகுதிக்கும் பக்கத்தில் அளவு குறித்திருப்பார். 1493இல் களிமண்ணில் முழு உருவ மாதிரி தயாராகி, ஸ்ஃபோர்ஸா குடும்பக் கல்யாணத்தின்போது ஊரே பார்த்தது. அடுத்து வார்ப்பு வேலைதான் பாக்கி. அதற்குள் பிரெஞ்சுப் படை இத்தாலிக்குள் இறங்கிவிட்டது. சிலைக்கென்று சேர்த்து வைத்த வெண்கலத்தை 1494இல் லுடோவிகோ தன் மாமனாருக்குப் பீரங்கி செய்ய அனுப்பிவிட்டார். 1499இல் மிலானைப் பிடித்த பிரெஞ்சு வில்வீரர்கள் அந்தக் களிமண் குதிரையைக் குறிபார்த்துப் பழகினார்கள். அதோடு அது அழிந்தது.

அந்தக் குதிரையை மறுபடி எழுப்ப நினைத்தவர் சார்லஸ் டென்ட், அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற விமானி. 1977இல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இந்தக் கதையைப் படித்தவர், இத்தாலி உலகுக்குக் கொடுத்ததற்கு நன்றியாக அந்தக் குதிரையை அதற்குத் திருப்பித் தர வேண்டும் என்று முடிவெடுத்தார். 1994இல் அவர் கண் மூடும்போது சிலை முடிந்திருக்கவில்லை. அவர் தொடங்கி வைத்த மாதிரியைத் திருத்த வந்த சிற்பி நீனா அகாமு, அது சரிப்படாது என்று கண்டு, முதலிலிருந்து புதிதாகச் செய்தார். லியோனார்டோவின் ஓவியங்களையும் குறிப்புகளையும் ஆராய்ந்து, ஆனால் தன் கையால் அவர் வடித்த குதிரை இது. நியூயார்க் மாநிலத்தில் வார்க்கப்பட்டு, துண்டுகளாக விமானத்தில் வந்து, 1999 செப்டம்பரில் இந்த வாசலில் எழுந்து நின்றது. இரண்டாவது வார்ப்பு ஒன்று மிச்சிகனில் இருக்கிறது.

ஊருக்கு நடுவில் ஸ்ஃபோர்ஸா கோட்டை இருக்கும்போது, அங்கே வைக்காமல் புறநகரில் ரேஸ் மைதானத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்களே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு அந்த வருத்தம் இல்லை. கோட்டை லுடோவிகோவுடையது. வெண்கலத்தைப் பீரங்கிக்குக் கொடுத்தவர் அவர். லியோனார்டோ மனம் கொடுத்ததோ லாயத்தில் நின்ற உயிருள்ள குதிரைகளுக்கு. விடிகாலையில் குளம்புச் சத்தம் கேட்கும் இடத்தில் சிலை நிற்பதுதான் நியாயம்.

சிலையைத் தாண்டினால் பாவ்லோ வியெத்தி வியோலி கட்டிய பார்வையாளர் மேடைகள். பந்தய மைதானம் கட்டுவதில் பெயர் பெற்றவர். பிற்பாடு துருக்கியின் அங்காராவிலும் ஒன்று கட்டினார். இரும்பு வேலைப்பாடும் வளைவுமாக, நூறு ஆண்டுக்கு முந்தைய இத்தாலியின் ரசனை அப்படியே நிற்கிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் பிழைத்திருக்கிறது.

நான் போனது பந்தயம் நடக்கும் பிற்பகலில். கட்டடத்தைவிட என்னை நிறுத்தி வைத்தது தொந்தீனோ. பந்தயத்துக்கு முன் குதிரைகளை நடத்திக் காட்டும் வட்டப் பாதைக்கு இத்தாலியர்கள் சொல்லும் பெயர் அது. பெரிய மரங்களின் நிழலில், லாயத்து ஆட்கள் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு குதிரையாகச் சுற்றி அழைத்து வருகிறார்கள். கைக்கெட்டும் தூரம்தான். ஒரு செம்பழுப்புக் குட்டிக்குச் சேணத்தின் வாரடியில் வியர்வை நுரைத்திருந்தது. காதுகள் ஒரு நிலையில் நிற்கவில்லை. கூட வந்த பெண் அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்தபடியே பேசிக்கொண்டு நடந்தாள். மணி அடித்ததும் ட்ரெய்னர் ஜாக்கியின் முழங்காலைப் பிடித்து ஒரே தூக்கில் மேலே ஏற்றிவிட்டார். அத்தனை நேரம் படபடத்த குட்டி, முதுகில் ஆள் ஏறியதும் கழுத்தை நீட்டி நேராக நடக்க ஆரம்பித்தது.

வேலியோரம் என் பக்கத்தில் கையில் ரேஸ் புத்தகமும் பென்சிலுமாக ஒரு பெரியவர் நின்றிருந்தார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் எங்கிருந்து வருகிறேன் என்று விசாரித்துவிட்டு, "ரிபோவைத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "நான் அவனை இங்கே பார்த்திருக்கிறேன் ஐயா, எங்கப்பா கூட்டிவந்தார்" என்றார். 'அவனை' என்றுதான் சொன்னார், கூடப் படித்த பையனைச் சொல்வதுபோல.

ரிபோவைப் பற்றிப் பேச வேண்டுமானால் பெதெரிகோ டேஸியோவிலிருந்து தொடங்க வேண்டும். 1869இல் டூரினில் பிறந்து, சிறுவயதில் பெற்றோரை இழந்து, குதிரைப்படையில் இருந்து, படகோனியா வரை சுற்றித் திரிந்தவர். 1898இல் மனைவி லிடியாவுடன் மாஜோரே ஏரிக்கரையில் டொர்மெல்லோ என்ற குதிரைப் பண்ணையைத் தொடங்கினார். இங்கிலாந்து, பிரான்ஸ் பணக்காரர்களின் பண்ணைகளோடு ஒப்பிட்டால் சின்னது. எந்தப் பெட்டைக்கு எந்தப் பொலிகுதிரை என்று தீர்மானிப்பவரும் அவரே, பிறந்த குட்டியைப் பழக்குபவரும் அவரே. குட்டிகளுக்கு ஓவியர், சிற்பிகளின் பெயரை வைப்பது அவர் வழக்கம். டொனாட்டெல்லோ, பாட்டிச்செல்லி எல்லாம் இந்தச் சான் சீரோ புல்லில் ஓடியிருக்கிறார்கள்.

1915இல், போர் நடந்துகொண்டிருந்த நேரம், இங்கிலாந்தின் நியூமார்க்கெட் ஏலத்தில் கேட்னிப் என்ற பெட்டையை வெறும் 75 கினிக்கு வாங்கினார். அதன் மகள் நொகாரா. அவளை ஃபேர்வே என்ற புகழ்பெற்ற பொலிகுதிரையோடு சேர்க்க விரும்பினார். அதற்கு இடம் கிடைக்கவில்லை. சரி என்று அதன் உடன்பிறந்த அண்ணன் ஃபேராஸிடம் அனுப்பினார். 1935இல் பிறந்தது நெயார்க்கோ. ஓடியது 14 பந்தயம், வென்றதும் 14. 1938இல் மிலான் பெரும் பரிசை இதே சான் சீரோவில் வென்ற கையோடு பாரிஸ் பெரும் பரிசுக்குப் போய், இங்கிலாந்து டெர்பி வென்ற புவா ரூசெலையும் பிரெஞ்சு டெர்பி வென்ற சில்லாஸையும் தோற்கடித்தது. சில நாளில் 60,000 பவுண்டுக்கு விற்றாகிவிட்டது. பொலிகுதிரைகளைத் தன் பண்ணையிலேயே வைத்துக்கொள்வது டேஸியோவின் வழக்கமில்லை. வாங்கிய ஆங்கிலேயர், உலகப் போரில் குண்டு விழும் என்று பயந்து அந்தக் குதிரைக்கென்றே ஒரு பதுங்கு குழி கட்டினார்.

அந்தப் பதுங்கு குழி வீண் போகவில்லை. நெயார்க்கோவின் மகன் நஸ்ருல்லா, அவன் மகன் போல்டு ரூலர், அவன் மகன் அமெரிக்காவின் செக்ரடேரியட். நெயார்க்கோவின் இன்னொரு மகன் நியார்க்டிக், அவன் மகன் நார்தர்ன் டான்ஸர், அங்கிருந்து சாட்லர்ஸ் வெல்ஸ், கலிலியோ, ஃபிராங்கெல். ராயல் சார்ஜர் வழியாகப் போகும் கிளை ஜப்பானின் டீப் இம்பாக்ட் வரை போகிறது. கிண்டியில் ஓடிய குதிரைகளின் வம்சாவளியைப் பின்னோக்கிப் புரட்டினாலும் இந்தப் பெயரில் வந்து முட்டுவீர்கள்.

டேஸியோ உருவாக்கிய கடைசிக் குதிரைகளில் ஒன்று ரிபோ. குட்டியாக இருந்தபோது 'சின்னவன்' என்றே கூப்பிட்டார்கள். உருவம் பற்றாது என்று இத்தாலிய டெர்பிக்குப் பெயரே கொடுக்கவில்லை. 1954 மே மாதம் டேஸியோ இறந்தார். ஜூலையில் ரிபோ இங்கே சான் சீரோவில் முதல் பந்தயம் ஓடி வென்றது. அதன்பின் தோற்கவே இல்லை; 16க்கு 16. பாரிஸின் ஆர்க் த திரியோம்ஃப் பந்தயத்தை 1955, 1956 என்று இரண்டு முறை வென்றது. முதுகில் ஏறியவர் ஜாக்கி என்ரிகோ கமீச்சி. பெரியவர் பார்த்தது 1956 மிலான் பெரும் பரிசு. எட்டு குதிரை நீளத்தில் வென்ற பந்தயம். "கமீச்சி கையை அசைக்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு, கடிவாளத்தைப் பிடிப்பதுபோல் இரண்டு முட்டியையும் நெஞ்சுக்கு நேரே வைத்துக் காட்டினார்.

1959இல் ரிபோவை ஐந்து ஆண்டுக் குத்தகைக்கு கென்டக்கி அனுப்பினார்கள். தவணை முடிந்தபோது அதன் சுபாவம் மிக முரடாகியிருந்தது. மறுபடி கடல் கடத்திக் கூட்டிவரத் துணியவில்லை. 1972இல் அங்கேயே இறந்தது.

இன்றைய சான் சீரோவைப் பற்றிச் சொல்லாமல் போவது சரியாகாது. நெயார்க்கோவும் ரிபோவும் வென்ற மிலான் பெரும் பரிசு முதல் தரத்திலிருந்து இரண்டாம் தரத்துக்கு இறக்கப்பட்டுவிட்டது. இத்தாலிய டெர்பிக்கும் அதே கதி. பக்கத்திலிருந்த, வண்டி பூட்டிய குதிரைகள் ஓடும் டிராட் பந்தய மைதானத்தை மூடியாயிற்று. நான் போன அன்று மேடையில் பாதிக்கு மேல் காலி. உலகத்து ரேஸ் குதிரைகளுக்கெல்லாம் மூதாதையைக் கொடுத்த ஊர், தன் பந்தயங்களுக்கு நல்ல குதிரை சேர்க்கப் பாடுபடுவது எனக்குப் பெரிய துக்கமாக இருந்தது. ஸ்டேடியத்துக்குப் போகும் கூட்டத்தில் பத்தில் ஒருவர் முந்தைய நிறுத்தத்தில் இறங்கினால்கூட அந்த மேடைகள் நிறைந்துவிடும்.

டொர்மெல்லோ பண்ணை மிலானிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான். அடுத்த வாரம் அரோனா பக்கம், ஏரிக்கரைக்குப் போவோம்.

(தொடரும்)