குனிந்தே போன் பார்க்கிறீங்களா? கழுத்தில் ஏறும் சுமை எத்தனை கிலோ தெரியுமா?

இந்த வரியைப் படிக்கும்போது தலை எவ்வளவு குனிந்திருக்கிறது? அப்படியே இருங்க, ஒரு கணக்கு பார்ப்போம்.

நம் தலை சுமார் 5 கிலோ. குனியக் குனிய எடை மாறாது. கழுத்து தாங்கும் சுமைதான் கூடும். நியூயார்க் முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் வெளியிட்ட கணக்கீட்டின்படி, 15 டிகிரி குனிந்தால் சுமார் 12 கிலோ. 60 டிகிரியில் 27 கிலோ. கிட்டத்தட்ட ஒரு அரிசி மூட்டை!

என்ன செய்யலாம்? போனைக் கண் மட்டத்துக்குத் தூக்குங்க. லேப்டாப்பை நாலு தடிப் புத்தகத்தின் மேல் வைத்து, தனி கீபோர்டு பயன்படுத்துங்க. நிமிர்ந்தே உட்கார்ந்தாலும் மணிக்கணக்கில் அசையாமல் இருந்தால் வலிக்கும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்க.

கை மரத்துப்போகிறதா, பிடி தளர்கிறதா? தைலம் தேய்த்து நாள் கடத்தாமல் டாக்டரைப் பாருங்க.

சரி, இப்போ போனைத் தூக்கிப் பிடிச்சாச்சா?