இயக்குநர் வராத இரண்டாம் பாகம்!

குட்டீஸ்... ஒரு படம் வெற்றி பெற்றால், அதை எடுத்தவரே இரண்டாம் பாகத்தையும் எடுப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? எப்போதும் அப்படி நடப்பதில்லை!

1968-ல் ஸ்டான்லி குப்ரிக் இயக்கிய '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' என்ற விண்வெளிப் படம் வெளிவந்தது. கதையை அவரோடு சேர்ந்து எழுதியவர், இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். 1982-ல், கதையின் தொடர்ச்சியை நாவலாக எழுதினார் கிளார்க். குப்ரிக் அதைப் படமாக்க முன்வரவில்லை. பீட்டர் ஹையம்ஸ் என்ற இயக்குநர் அந்த வேலையை ஏற்றார்.

முதலில் அவர் என்ன செய்தார் தெரியுமா? குப்ரிக்கின் சம்மதத்தைக் கேட்டார். பயப்படாமல் உங்கள் பாணியில் எடுங்கள் என்று சொல்லிவிட்டார் குப்ரிக்!

அடுத்து ஒரு சிக்கல். கதையில் வரும் 'டிஸ்கவரி' விண்கலத்தின் பழைய மாதிரிகள் அழிக்கப்பட்டிருந்தன. முதல் படத்தின் காட்சிகளைப் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து, விண்கலத்தைப் புதிதாகவே செய்தார்கள்.

கிளார்க் இருந்தது கொழும்பில். ஹையம்ஸ் இருந்தது அமெரிக்காவில். இமெயில் பரவாத 1983-லேயே, தொலைபேசி இணைப்பு மூலம் கம்ப்யூட்டரில் கடிதம் அனுப்பி, இருவரும் கதையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்!

1984-ல் '2010' வெளிவந்தது. முதல் படத்தின் புகழை அது எட்டவில்லை. ஆனால், ஒரு காட்சியில் வரும் பத்திரிகை அட்டையை உற்றுப் பாருங்கள். அமெரிக்க அதிபராக கிளார்க் படம், சோவியத் தலைவராக குப்ரிக் படம்!

பிறர் தொடங்கியதை நாம் தொடரலாம், குட்டீஸ். தொடங்கியவரை மட்டும் மறந்துவிடக் கூடாது!